ஒத்தொலி முகாமின் இருபத்து மூன்றாம் பெயர்

நெடுவாய்க்கால் தாலுகா ஆபீசில் அந்த வருஷம் ஐப்பசி மாதம் முழுவதும் ஒரு தப்புகூட நடக்கவில்லை. ஒரு வேலையும் நடக்காததுதான் அதற்குக் காரணம்.

விஷயம் இதுதான். மேலிடத்திலிருந்து அதற்கும் மேலிடத்துக்குப் போன ஓர் ஆங்கிலக் கடிதத்தில் ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில், அதே மாதிரி ஒலிக்கிற வேறொரு சொல் உட்கார்ந்துவிட்டது. பெரிய தலைக்குனிவு. அது எந்தச் சொல் என்பது அரசாங்க ரகசியம். எந்தச் சொல் என்று சொல்ல முடியாததால், ஒரே மாதிரி ஒலிக்கிற எல்லாச் சொற்களையும் எல்லோரும் படித்துவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆவணிக் கடைசியில் சுற்றறிக்கை வந்தது. ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் ஆங்கிலச் சொற்களைத் தெளிவுற அறிந்து, தேர்வெழுதிச் சான்று பெறும்வரை எவரும் எந்தக் கோப்பிலும் கையொப்பமிடலாகாது என்றும், சான்று பெற்றவர் கையொப்பமிடலாம் என்றும் அதில் கண்டிருந்தது.

தனி தாசில்தார் இராஜாங்கம் அன்றைக்கே தம் பச்சை மைப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

காத்தாயிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் நடவு வேலைக்காரி. புருஷன் வீரையன் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. ஊர்க்கோடியில், பண்ணைக்குச் சொந்தமான திடலில் ஒரு குடிசை. குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று புதுச் சட்டம் வந்திருந்தது. செங்கொடி கட்டி, ஊர்வலம் போய், போலீஸ் வண்டி பார்த்து, அதன் பிறகு வந்த சட்டம். காத்தாயியும் மனு கொடுத்தாள். விசாரணை முடிந்தது, படம் வரைந்தாயிற்று, காகிதம் தயார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பண்ணையின் காரியஸ்தர் ஒருநாள் வந்து திடலைக் காலால் அளந்து பார்த்தார். தை அறுப்புக்குப் புதுக் களம் வேண்டும் என்றார். "ஏ காத்தாயி, கார்த்திகை கடைசிக்குள்ள பேப்பரக் காட்டினா மனை ஒன்னுது. இல்லேன்னா மார்கழி ஒண்ணாந்தேதி மூங்கில் அடிச்சுக் கயிறு கட்டிருவேன். அப்புறம் என்னையக் கொற சொல்லாத" என்றார்.

காத்தாயியின் மகள் அம்சவல்லியை நன்னிலம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. ஏழாம் மாதம். மார்கழியில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். வருகிறவளுக்கு வீடு இருக்க வேண்டும். காத்தாயியின் கவலை அவ்வளவுதான். அம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக நேர்ந்துகொண்டு, ஐப்பசி ஐந்தாம் தேதி ஆபீசுக்குப் புறப்பட்டாள்.

ஆபீஸ் வாசலில் இரண்டு வரிசை பெஞ்சு போட்டிருந்தது. மேஜை மேல் ஒரு பெரிய ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. காத்தாயிக்கு இது பழகிய காட்சி. களத்தில் கூலி நெல் அளக்கிற அன்றைக்கும் அப்படித்தான். முதலில் பெயரைக் கொடுத்துவிட வேண்டும். பெயர் ஏறினவளுக்குத்தான் மரக்கால் விழும். ஏறாதவள் பொழுது சாயும்வரை நின்றாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஆகவே அவள் நேரே மேஜைக்குப் போய்ப் பெயரைச் சொல்லி, பெருவிரலை உருட்டிவிட்டுப் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் குமாஸ்தா ரெத்தினம். ஐம்பது வயது, நல்ல மனிதர். தேர்வுக்குப் பாடம் சொல்லும் முகாமுக்கு ஒதுக்கீடு இருபத்து மூன்று பேர், வந்திருந்தது இருபத்திரண்டு. ஒரு கர்ணம் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். சுண்டல் இருபத்து மூன்று பொட்டலம் வந்திருந்தது. ஒரு பொட்டலம் மிஞ்சினால் அதற்கு விளக்கம் எழுத வேண்டும். எழுதினாலும் கையெழுத்துப் போட ஆளில்லை. இந்தக் கவலையில் இருந்தவர் முன்னால் ஒரு பெயர் தானாக வந்து நின்றதும், கடவுளே அனுப்பியது என்று எழுதிக்கொண்டுவிட்டார்.

மத்தியானம்வரை காத்தாயி தன் முறை வரும் என்று காத்திருந்தாள். சுண்டல்தான் வந்தது. தின்றுவிட்டுக் கேட்டபோதுதான் தான் ஒத்தொலிச் சொற் பகுப்பு நெறியாள்கை முகாமில் சேர்ந்திருப்பது தெரிந்தது. அந்தப் பெயரை அவளுக்குச் சொல்வதற்கே ரெத்தினம் மூன்று தடவை மூச்சு வாங்கினார்.

இராஜாங்கத்திடம் அழைத்துப் போனார்கள். அவர் ரிஜிஸ்டரை வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, பதிவேட்டுல ஏறின பேரு ஏறினதுதான். நீக்கணும்னா மேலிடத்து உத்தரவு வேணும். உத்தரவு போடுற பிரிவும் இப்ப முகாம்லதான் இருக்கு."

"அப்ப எம் மனு, ஐயா?"

"முகாம் முடியட்டும்."

"நான் போயிட்டா?"

"நீ போனா ஆள் குறையும். ஆள் குறைஞ்சா முகாம் செல்லாது. முகாம் செல்லாதுன்னா தேர்வு கிடையாது. தேர்வு இல்லேன்னா கையெழுத்து கிடையாது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

ஆகவே காத்தாயி விடிந்ததும் நடவுக்குப் போய், பத்து மணிக்குக் கால் சேற்றைக் கழுவிக்கொண்டு முகாமுக்கு வந்தாள். இப்படி நாற்பது நாள்.

முகாம் தினமும் தொடங்கியது. தொடங்கியது என்றால் விழாவாகத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சொல் இணை என்பதால், ஒவ்வொரு நாளும் தொடக்க விழா. கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதித் திரை போட்டு மூடியிருப்பார்கள். மொழி வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலையுரை, பிறகு சொல் திறப்பு. திரை விலகியதும் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியே மாலை போட வேண்டும்.

'சன்' என்ற சொல்லின் நாளன்று மாலையால் தகராறு வந்தது. ஒரு 'சன்' சூரியன், இன்னொரு 'சன்' மகன். யாருக்கு முதல் மாலை? சூரியன் வயதில் மூத்தது என்றது ஒரு கட்சி. நிலம் மகன் பேருக்குத்தான் மாறும், சூரியன் பேருக்குப் பட்டா மாறியதுண்டா என்று கேட்டது கர்ணங்களின் கட்சி. சூரியன் மாலையில் ஒரு பூ குறைந்தாலும் ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் என்ன நினைப்பார் என்று மெதுவாகச் சொன்னார் ஒரு மணியக்காரர். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கடைசியில் சூரியனுக்கு இரண்டு மாலை, மகனுக்கு ஒரு துண்டு என்று முடிவானபோது மணி ஐந்து.

அன்றைய நிறைவுரையில்தான் இராஜாங்கம் தம் புகழ்பெற்ற சொற்பொழிவை ஆற்றினார்.

"பெரியோர்களே, இந்தி வேண்டாம் என்றோம். ஆங்கிலத்தை வைத்துக்கொண்டோம். வைத்துக்கொண்டதை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டாமா? ஒலியிலே உறவாடி, பொருளிலே பிணங்கி நிற்கும் இந்தச் சொற்களை அறியாதவன் போடும் கையெழுத்து, கண் கட்டியவன் எறியும் கல். ஆகவேதான் சொல்கிறேன். இந்த அலுவலகத்தில் இரண்டு மாதமாக ஒரு கோப்பும் நகரவில்லை. அதனால் ஒரு பிழையும் நேரவில்லை. என் இருபத்தாறு ஆண்டுப் பணியில் இத்தனை தூய்மையான நிர்வாகத்தை நான் கண்டதில்லை. மக்கள் இன்னும் சற்றே பொறுத்துக்கொண்டால், இதை நிரந்தரமாக்கிவிடலாம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. காத்தாயியும் தட்டினாள். எல்லோரும் தட்டும்போது ஒருத்தி சும்மா இருப்பது மரியாதையில்லை என்று அவள் நினைத்தாள்.

விழாக்களுக்கு நடுவில் கிடைக்கிற அரைமணி நேரத்தில் பாடம் நடத்தியவர் யூசுப் சார். முகம்மது யூசுப் மன்னார்குடிப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்த்தத் தெரியாதவர். இருபத்திரண்டு பேரும் அவர் பேசும்போது தலையாட்டினார்கள், எதையும் கேட்கவில்லை. கடைசிப் பெஞ்சில் ஒருத்தி மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. நாலாம் நாள் அவர் தம் அட்டைகளை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சொல் பெரிதாக எழுதியிருந்தது.

எனக்குத் தமிழே எழுதப் படிக்கத் தெரியாதே ஐயா என்றாள் காத்தாயி.

"தெரியாட்டி என்னம்மா. இந்த ரெண்டும் வாயில ஒண்ணு, பொருள்ல வேற. உங்க ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேரு இருந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

காத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. அவள் தெருவில் மட்டும் நாலு வீரையன் இருந்தார்கள், போன தன் புருஷனைச் சேர்த்து. வாய்க்கால்கரை வீரையன், ஆட்டுக்கார வீரையன், சங்கத்து வீரையன். பேரைக் கூப்பிட்டு யாரும் குழம்பியது கிடையாது.

"கூட யாரு நிக்கிறாங்கன்னு பாப்போம், ஐயா. ஆடு நின்னா ஆட்டுக்காரரு. கொடி நின்னா சங்கத்துக்காரரு."

யூசுப் சார் கையிலிருந்த அட்டைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "முப்பது வருஷமா இதைத்தாம்மா நான் ஸ்பெல்லிங்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அதன்பிறகு பாடம் எளிதாகிவிட்டது. அவள் எழுத்தை எழுத்தாகப் பார்க்கவில்லை, ஆளாகப் பார்த்தாள். சூரியனைக் குறிக்கிற 'சன்' நடுவில் ஒரு கிண்ணம் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. வெயில் அதில்தானே விழும். மகனைக் குறிக்கிற 'சன்' நடுவில் மூடிய வட்டம். அம்சவல்லி வயிறு மாதிரி. 'ஹோல்' என்று இரண்டு அட்டை. ஒன்றில் முன்னால் ஓர் எழுத்துக் கூட நின்றது, அது முழுமை. அந்த ஆள் வராத அன்றைக்கு அதே சொல் ஓட்டை. நடவு வரிசையில் ஒருத்தி வராவிட்டால் என்ன விழும், ஓட்டைதானே. 'வீக்' என்றால் வாரம், நடுவில் இரட்டைப் பிள்ளைகள் கைகோத்து நிற்கும், இந்தச் சந்தையும் அடுத்த சந்தையும். அதே 'வீக்' பலவீனம் என்றால் இரட்டையில் ஒன்று போய் அந்த இடத்தில் கூன் விழுந்த எழுத்து ஒன்று வந்துவிடும். அதே இரட்டைப் பிள்ளைகள் 'சீ' என்ற சொல்லில் இரண்டு கண், பார்க்கிறதற்கு. கண் ஒன்றாகிவிட்டால் அது கடல். நாகப்பட்டினத்தில் ஒரு தடவை கடலைப் பார்த்தபோது உப்புக் காற்றில் காத்தாயிக்கு ஒரு கண்ணைத்தான் திறக்க முடிந்தது. 'டியர்' என்ற மானுக்கு இரட்டைக் காது. 'மீட்' என்று சந்திப்பதற்கு இரண்டு பேர் வேண்டாமா.

யூசுப் சார் அட்டைகளை ஒரு பழைய துணிப்பையில் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார். வரப்பில் நாற்று முடி விரித்துவைத்துக்கொண்டு அவள் அட்டை பார்த்தாள். கூட நட்ட காளியம்மாளும் மற்றவர்களும் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் மேலத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் மான் காது தெரிந்துவிட்டது. ஆபீசில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கார்த்திகை இருபதாம் தேதி தேர்வு. மேலிடத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். எழுத்துத் தேர்வு கிடையாது. எழுதச் சொன்னால் எழுத்துப் பிழை வருகிறது என்று மேலிடம் அதை ரத்து செய்திருந்தது. பரிசோதகர் ஒரே ஒலியுடைய இரண்டு அட்டைகளை மேஜையில் வைப்பார். பொருளைத் தமிழில் சொல்வார். சரியான அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். இத்தனை சுலபமான தேர்வு அந்தத் தாலுகாவில் நடந்ததில்லை.

முதல் கேள்வி. இராஜாங்கம் முன்னால் இரண்டு அட்டைகள். "முழுமை" என்றார் பரிசோதகர்.

இராஜாங்கம் அட்டைகளைப் பார்த்தார். இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தால், எடுத்தவர் இராஜாங்கம் என்று ஆகிவிடும். இருபத்தாறு வருஷமாக அவர் எதையும் அப்படி எடுத்தது கிடையாது. அந்த ஆபீசில் யாருமே எடுத்தது கிடையாது. காகிதம் வந்தால் பார்ப்பது, குறிப்பு எழுதுவது, அடுத்த மேஜைக்குத் தள்ளுவது, அதுதான் வேலை. இப்போது குறிப்பெழுதவும் தடை. ஆகவே இராஜாங்கம் ஒருமுறை செருமிவிட்டு, இரண்டு அட்டைகளையும் பக்கத்து மேஜைக்குத் தள்ளினார்.

தலைமைக் குமாஸ்தா செருமினார், தள்ளினார். ஒரு கர்ணம் அட்டைகளைத் தலைகீழாகப் பார்த்து, அதில் சர்வே எண் இல்லை என்று சொல்லிவிட்டுத் தள்ளினார். ஒரு மணியக்காரர் தம் கிராம எல்லைக்குள் இந்தச் சொல் வராது என்றார். ரெத்தினத்துக்கு விடை தெரியும், பாவம். ஆனால் மேலதிகாரி எடுக்காததைத் தான் எடுப்பது எப்படி என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். இருபத்திரண்டு செருமல்களுக்குப் பிறகு அட்டைகள் கடைசிப் பெஞ்சுக்கு வந்தன. அதற்கப்புறம் தள்ளுவதற்கு மேஜை இல்லை, சுவர்தான்.

காத்தாயி முன்னால் ஓர் எழுத்துக் கூட நிற்கிற அட்டையை எடுத்துக் காட்டினாள்.

பத்துக் கேள்வி இப்படிச் சுற்றி வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட இடையில் நிறுத்தவில்லை. முடிவில் பரிசோதகர் ரிஜிஸ்டரைப் பார்த்து வாசித்தார். ஒன்று முதல் இருபத்திரண்டு வரை, மதிப்பெண் பூஜ்யம். இருபத்து மூன்று, பத்துக்குப் பத்து. மறுதேர்வு கார்த்திகை கடைசி நாள் என்று சொல்லிவிட்டு, காத்தாயி கையில் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, அவர் பயணியர் மாளிகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ரெத்தினம்தான் முதலில் சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தவர். சான்று பெற்றவர் கையொப்பமிடலாம் என்றிருந்தது. சான்று பெற்ற அலுவலர் என்று இல்லை. பெருவிரல் ரேகையும் கையொப்பமே என்று வேறொரு விதி இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது அவருக்கு வேர்த்தது. இராஜாங்கத்திடம் கொண்டுபோனார். அவர் மேலிடத்துக்கு விளக்கம் கேட்டுத் தந்தி கொடுக்கச் சொன்னார். தந்திப் படிவத்திலும் கையெழுத்துத் தேவைப்பட்டது.

மறுநாள் காலை, பின்தங்கிய தாளடி நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்கு ரெத்தினம் சைக்கிளில் வந்தார். கேரியரில் கோப்புக் கட்டு, ஹேண்டில்பாரில் மைப்பெட்டி. வரப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கூச்சத்தோடு கூப்பிட்டார்.

"காத்தாயிம்மா, கொஞ்சம் கரையேறி வர்றீங்களா? தாலுகா காத்துக்கிட்டு இருக்கு."

ஆறு நாள் தாலுகா ஆபீஸ் அந்த வரப்பில் நடந்தது. காத்தாயி ஒரு நிபந்தனை போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் விரல் வைக்க மாட்டாள். முழுதும் படித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் ரெத்தினம் உரக்கப் படித்தார். அந்தக் கோப்புகளை இதற்கு முன் யாரும் முழுதாகப் படித்ததில்லை. ஆட்டுக்கார வீரையன் மனையில் பக்கத்துத் தெரு வீரையன் பெயர் ஏறியிருந்ததைக் காத்தாயி அங்கேயே கண்டுபிடித்தாள். யார் கூட யார் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியுமே. அறுபத்தோரு மனைக் காகிதங்களில், வாய்க்கால் தண்ணீரில் சேற்றைக் கழுவிக் கழுவி, விரல் உருட்டினாள்.

நாலாம் நாள் காரியஸ்தரே வந்தார். குடையை மடக்கிக்கொண்டு வரப்பில் நின்றார். பண்ணையின் மதகு உடைந்து மூன்று மாதமாகிறது, செப்பனிட அனுமதி வேண்டும். "காத்தாயிம்மா" என்று ஆரம்பித்தார். அந்த 'ம்மா' அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள்.

"இவரு மனுவக் கெணத்துல போடு காத்தாயி. களமா போடுறாரு களம்?" என்றாள் காளியம்மாள்.

ரெத்தினம் மனுவைப் படித்துக் காட்டினார். மதகு சரியானால் கடைமடை ஏழு வேலி நிலத்துக்கும் தண்ணீர் பாயும். அதில் பாதி குத்தகைக்காரர்களுடையது. காத்தாயி வாய்க்காலில் கைச் சேற்றைக் கழுவினாள்.

"தண்ணி என்னா பண்ணுச்சு" என்று விரலை உருட்டிவிட்டாள்.

காரியஸ்தர் குடையை விரிக்க மறந்து வெயிலிலேயே நடந்து போனார்.

ஆறாம் நாள் கட்டின் அடியில் ஒரு கோப்பு மிஞ்சியது. ரெத்தினம் அதைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்துகொண்டார். அது காத்தாயியின் மனை. தன் மனுவில் தானே கையொப்பமிடலாகாது என்பது எல்லா விதிகளுக்கும் பழைய விதி. வேண்டுமானால் நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறேன் என்றார் ரெத்தினம். அதுவரை ஒரு விதியையும் மீறாத மனிதர்.

காத்தாயி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கூலி நெல் அளக்கும்போது மரக்கால் பிடிக்கிறவள் தன் பங்கைத் தானே அளந்துகொள்வதில்லை. மரக்காலை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு முந்தானையை விரிப்பாள். அதில் யாருக்கும் வருத்தம் வந்ததில்லை.

"வேணாம் ஐயா. ஏம் பங்க இன்னொருத்தங்கதான் அளக்கணும். மறுதேர்வுல நீங்க சான்று வாங்குவீங்களா?"

ரெத்தினம் மென்று விழுங்கினார். பெரியவர் எடுக்காமல் நான் எடுக்க முடியாதே என்றார். அப்படியானால் பெரியவர் எடுக்கட்டும் என்று காத்தாயி எழுந்தாள். மார்கழிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஆபீஸ் வெறிச்சோடியிருந்தது. ஜனங்கள் எல்லாம் வரப்புக்குப் போய்ப் பழகிவிட்டதால் பியூன்கூட அங்கேதான் இருந்தான். இராஜாங்கம் தம் அறையில் தனியே உட்கார்ந்து, எதிரே இரண்டு அட்டைகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்தாயியைக் கண்டதும் மறைக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார்.

அவள் வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்திருந்த அவித்த பனங்கிழங்கை மேஜை மேல் வைத்தாள். காலையிலிருந்து ஐயா ஒன்றும் சாப்பிடவில்லை என்று ரெத்தினம் சொல்லியிருந்தார். இராஜாங்கம் அதைப் பார்த்தார். அவர் வேலை பார்த்த இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பசிக்கும் என்று யாரும் கொண்டுவந்ததில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார் மெதுவாக. "எது சூரியன், எது மகன், எல்லாம் தெரியும். யூசுப் சார் முதல் நாள் சொன்னதே புரிஞ்சுடுச்சு. கைதான் போக மாட்டேங்குது."

"எடுத்தா என்னங்க ஆவும்?"

"தப்பாப் போயிட்டா?"

"தப்புன்னு சொல்வாங்க."

"அப்புறம் என்ன ஆவும்?" என்று காத்தாயியே கேட்டாள்.

இராஜாங்கம் யோசித்தார். அப்புறம் என்ன என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை போலிருக்கிறது. தெரியவில்லை என்றார்.

"அப்புறம் இன்னொண்ண எடுக்க வேண்டியதுதான். நாங்க நாத்து நடுறப்ப கோணலா விழுந்தா புடுங்கித் திருப்பி நடுவோம், ஐயா. கோணலா விழுந்துருமோன்னு நாத்தக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னா, நாத்துதான் செத்துப்போவும்."

அவர் பனங்கிழங்கை உரித்தார். நாரைக் கவனமாக ஓரத்தில் வைத்தார். "நாளைக்கும் வருவீங்களாம்மா?" என்று கேட்டார். நீ என்பது நீங்க ஆனதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் பாடம் நடந்தது. மாலை இல்லை, திரை இல்லை, வரவேற்புரை இல்லை. முதல் நாள் அவருக்கு அட்டையைத் தொடும்வரைதான் வந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஓர் அட்டையை ஓர் அங்குலம் நகர்த்தினார். ஜன்னலுக்கு வெளியே நின்ற யூசுப் சார் அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

கார்த்திகை கடைசி நாள், பிற்பகல் மூன்று மணி. பரிசோதகர் இரண்டு அட்டைகளை வைத்தார். "பார்த்தல்" என்றார். இராஜாங்கம் இரண்டையும் பார்த்தார். பின்வரிசையில் இருபத்தோரு பேர் செருமுவதற்குத் தயாராக இருந்தார்கள். அவர் சட்டென்று ஓர் அட்டையை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். அது கடல்.

தப்பு என்றார் பரிசோதகர்.

கூரை விழவில்லை. இடமாற்ற உத்தரவு பறந்து வரவில்லை. வெளியே ஒரு மாட்டு வண்டி போனது. இராஜாங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து அந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. "அடுத்தது வையுங்க" என்றார்.

பத்துக்கு ஏழு. ஒன்பதாவது கேள்விக்குப் பரிசோதகர் பொருளைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் எடுத்துவிட்டதாக ரெத்தினம் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் எடுத்ததைப் பார்த்து ரெத்தினமும் எடுத்தார், எட்டு. மற்றவர்கள் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தபோதே இராஜாங்கம் சான்றிதழோடு வெளியே வந்துவிட்டார். பெட்ரோல் அனுமதிக் கோப்பு அவர் மேஜையிலேயே மூன்று மாதமாகக் கிடந்ததால் ஜீப் ஓடாது. ரெத்தினத்தின் சைக்கிள் கேரியரில், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, தனி தாசில்தார் நாலு மைல் போனார்.

திடலில் காரியஸ்தர் நிற்க, அவர் ஆட்கள் காலையில் அடிப்பதற்காக மூங்கில்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காத்தாயி குடிசை வாசலைச் சாணம் தெளித்து மெழுகிக்கொண்டிருந்தாள். நாளைக்கு இருக்கப்போகிறதோ இல்லையோ, மார்கழி பிறக்கிற வாசல்.

இராஜாங்கம் கோப்பைச் சைக்கிள் கேரியர் மேல் வைத்து, சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்தார். மூடி கழன்றது. எழுதவில்லை. உதறினார், ஊதினார், முள்ளை நாக்கில் தொட்டுப் பார்த்தார். மூன்று மாதத்தில் மை கல்லாக இறுகியிருந்தது. பொழுது தென்னைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பச்சை மை இல்லாமல் அதிகாரி கையெழுத்திடுவது எப்படி என்று ரெத்தினம் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்.

இராஜாங்கம் யாரையும் கேட்கவில்லை. ஹேண்டில்பாரிலிருந்த மைப்பெட்டியைத் திறந்தார். பெருவிரலை அழுத்தி, காகிதத்தில் காத்தாயியின் ரேகைக்குப் பக்கத்தில், காலி இடத்தில் உருட்டினார். கோணலாகத்தான் விழுந்தது.

காரியஸ்தர் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். மதகில் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது; அந்தச் சத்தம் அங்கேவரை கேட்டது. அவர் ஆட்களைப் போகச் சொன்னார்.

"மூங்கில எடுத்துக்கிட்டுப் போவலீங்களா?" என்று கேட்டாள் காத்தாயி.

"பொண்ணு பிரசவத்துக்கு வருதுல்ல, காத்தாயிம்மா. தட்டி கட்டிக்க. மார்கழிப் பனி பொல்லாது."

மார்கழி பதினெட்டில் அம்சவல்லிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மூடிய வட்டம் சொன்னது பலித்தது என்றாள் காத்தாயி. யூசுப் சார் ஒரு குழந்தைச் சட்டை கொடுத்தனுப்பினார். அம்மனுக்கு மாவிளக்கு போட்ட அன்றைக்கு, ரெத்தினமும் இராஜாங்கமும் கோவில் வாசலில் வந்து நின்று மாவை உள்ளங்கையில் வாங்கித் தின்றார்கள்.

மேலிடத்திலிருந்து ஆடி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. நெடுவாய்க்கால் தாலுகாவில் கொடுக்கப்பட்ட ஒரு மனைக் காகிதத்தில் இரண்டு பெருவிரல் ரேகைகள் அருகருகே காணப்படுவதாகவும், இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதாகவும், அவற்றில் எது அலுவலருடையது, எது கூலிக்காரியுடையது என்று விளக்கம் தருமாறும் கேட்டிருந்தது.

தலைமைக் குமாஸ்தா அதைப் படித்துவிட்டுச் செருமி, அடுத்த மேஜைக்குத் தள்ளினார். அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் இராஜாங்கத்திடம் வந்து சேர்ந்தது. அவர் பேனாவை எடுத்தார். இந்தத் தடவை மை புதிதாக இருந்தது. கடிதத்தின் ஓரத்திலேயே எழுதி அனுப்பினார்:

"கோணலாக இருப்பது என்னுடையது."